இரண்டாவது அடுப்பு

அம்மா கேட்டது ஒன்றுதான். "எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தாப் போதும்டி. மத்தது எப்படி இருந்தாலும் சமாளிச்சுக்குவேன்."

அப்பா 2019-ல் போனபிறகு உறையூர் வீட்டில் இரண்டு வருஷம் தனியாக இருந்தாள். கிரீன் கார்டு கைக்கு வந்ததும், 2021 ஐப்பசியில் எங்களிடம் வந்துவிட்டாள். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். 1960-களில் கட்டிய வீடு, மூன்று படுக்கையறை, ஒரு சமையலறை. ஏற்கெனவே நான்கு பேர், அம்மா ஐந்தாவது. விடியற்காலை நாலரைக்கு டிகாக்‌ஷன் இறக்குகிறவளுக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு பாஸ்தா வேகவைக்கிற பேரனுக்கும் ஒரே அடுப்பு. வத்தக்குழம்புக்குத் தாளித்தால் புகை அலாரம் அலறும். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, தப்பு செய்துவிட்டவள் மாதிரி ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பாள். மூன்றாவது மாதம் தாளிப்பதையே விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கொல்லையில் இடம் கிடந்தது. ஒரு எலுமிச்சை மரம், துருப்பிடித்த ஊஞ்சல், மீதியெல்லாம் புல். அங்கே அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று முடிவு செய்தோம். நம் பழைய வீடுகளின் பின்கட்டு மாதிரி. இங்கே அதற்குப் பெயர் ஏடியூ, துணைக் குடியிருப்பு என்று அர்த்தம். பழைய ஆட்கள் கிரானி ஃபிளாட் என்பார்கள், பாட்டி வீடு.

நம் ஊரில் அடுப்பு பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்று அர்த்தம். தனி ரேஷன் கார்டு கேட்டுப் போனால்கூடத் தனிச் சமையல் நடக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவிலும் கணக்கு அடுப்பில்தான் இருக்கிறது என்பது வீடு கட்டப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. படுக்க, சாப்பிட, சமைக்க, குளிக்க, கழிக்க நிரந்தர வசதி இருந்தால் அது தனிக் குடியிருப்பு. கொல்லையில் ஒரு அறை கட்டிக் கட்டில் போடலாம், கழிப்பறைகூட வைக்கலாம். அடுப்பு வைத்த நிமிஷத்தில் அது இரண்டாவது வீடாகிவிடும். ஒரு மனைக்கு ஒரு வீடு என்று விதித்திருக்கும் தெருவில் இரண்டாவது வீடு கூடாது. பல பத்தாண்டுகளாக இங்குள்ள நகரங்கள் அந்த இரண்டாவது அடுப்புக்குத்தான் காவல் இருந்திருக்கின்றன.

அமெரிக்காவில் எந்த மனையில் என்ன கட்டலாம், எத்தனை மாடி, எத்தனை குடும்பம் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளூர் நகரசபை. சோனிங் என்பார்கள். வரைபடத்தில் வண்ணம் பூசியிருப்பார்கள். ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்ற பகுதிக்கு வழக்கமாக மஞ்சள். எங்கள் ஊர் வரைபடத்தைக் கணினியில் விரித்துப் பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவே வேறு வண்ணத்தைத் தேட வேண்டியிருந்தது.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1885-ல் இதே கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் ஒரு சட்டம் போட்டது. துணி வெளுக்கும் கடைகள் ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள்தான் இருக்க வேண்டும். சட்டத்தில் சீனர் என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சீனர்கள், அந்தப் பகுதியில் இருந்தவர்களும் சீனர்கள். 1916-ல் பெர்க்லி நகரம் எல்ம்வுட் பகுதியில் ஒற்றைக் குடும்ப வீடுகள் மட்டும் என்று வரையறுத்தது. அடுத்த வருஷமே, நிறத்தைச் சொல்லி மனையை ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறத்தைச் சொல்லக்கூடாது, வீட்டின் அளவைச் சொல்லலாம். 1926-ல் ஒஹாயோவின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் சோனிங் செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்று அந்தத் தீர்ப்பு வர்ணிக்கிறது. அதைப் படித்த ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் இந்த ஊருக்கு முதலில் வந்து இறங்கியது ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில்தான், ஒரு சூட்கேஸும் ஒரு பிரஷர் குக்கருமாக.

பாட்டி வீட்டுக்கு மாநில அரசு முதலில் சட்டம் போட்டது 1982-ல். நகரங்கள் இதற்கு ஏதாவது வழி வைக்க வேண்டும் என்றது அது. நகரங்களும் வழி வைத்தன, நுழைய முடியாத வழியாக. மனை இவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், கூரை போட்ட கார் நிறுத்துமிடம் வேண்டும், தண்ணீருக்கும் சாக்கடைக்கும் புது வீட்டுக்குக் கட்டுவது போலத் தனியாகப் பல்லாயிரம் டாலர் கட்ட வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். சேர்த்து வைத்தால் யாராலும் கட்ட முடியாது. 2002-ல் பொது விசாரணை இல்லாமலே அனுமதி தர வேண்டும் என்று திருத்தினார்கள். நிபந்தனைகள் அப்படியே நின்றன.

உண்மையில் கதவு திறந்தது 2016-லும் 2019-லும். ஃப்ரீமாண்ட் பகுதி செனட்டராக இருந்த பாப் வீகோவ்ஸ்கி இதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். மனைக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கக்கூடாது. பக்கத்திலும் பின்னாலும் வேலியிலிருந்து நான்கு அடி காலி இடம், செட்பேக் என்பது, விட்டால் போதும். 800 சதுர அடி, 16 அடி உயரம் வரை எந்த நகரமும் மறுக்க முடியாது. பஸ், ரயில் அரை மைலுக்குள் இருந்தால் கார் நிறுத்தம் கேட்கக்கூடாது. 750 சதுர அடிக்குக் கீழே இருந்தால் வளர்ச்சிக் கட்டணம் கிடையாது. விண்ணப்பம் முழுமையாக வந்த 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நகரத்தின் விதி மாநிலச் சட்டத்தோடு முரண்பட்டால் அந்த விதியே செல்லாது. 2016-ல் மாநிலம் முழுவதும் சுமார் 1,300 பேருக்குக் கிடைத்த அனுமதி 2022-ல் 20,000-ஐத் தாண்டியது. அவ்வளவு குடும்பங்கள் இதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அம்மாவின் வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொடுத்த எங்கள் வரைபடக்காரர் முதல் நாளே "749" என்றார். 750-க்கு ஒரு அடி குறைவு, கட்டணம் மிச்சம். 2022 பிப்ரவரியில் விண்ணப்பித்தோம். இரண்டு வாரத்தில் நகர அலுவலகத்திலிருந்து திருத்தம் கேட்டுத் தாள் வந்தது. பின்பக்கம் பத்து அடி விடவேண்டும் என்று இருந்தது. எங்கள் கொல்லையின் ஆழத்துக்கு, பத்துக்கும் நாலுக்கும் நடுவில் இருந்த அந்த ஆறு அடிதான் அம்மாவின் சமையலறை.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். "எங்கள் ஊர் விதியில் பத்து என்றுதான் இருக்கிறது." வரைபடக்காரர் மாநிலச் சட்டப் பிரிவை எழுதி ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த வாரம் பத்து நாலாகிவிட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் வாக்குவாதமும் செய்யவில்லை. ஐம்பத்து மூன்றாவது நாள் பெர்மிட் வந்தது. சட்டம் மாறி இரண்டு வருஷம் கழிந்தபிறகும் பழைய தாளையே நீட்டிக்கொண்டிருந்தார்களே, கடிதம் எழுதத் தெரிந்த ஆள் கிடைக்காத எத்தனை பேர் பத்து அடியை விட்டுவிட்டு அடுப்பில்லாத அறையோடு திரும்பினார்களோ என்றுதான் எனக்கு ஓடியது.

பின்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருஷமாக. வேலிக்கு மேலே என் பிள்ளைக்குப் பிளம் பழம் கொடுத்தவர். அவர் நகரத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வெயில் மறையும், தெருவில் கார் கூடும், ஊரின் தன்மை கெடும். நான் அலுவலகத்தில் கேட்டபோது, கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டோம், சட்டப்படி எங்களுக்கு இதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு நிம்மதி. கூடவே, நாற்பது வருஷம் இந்தத் தெருவில் வாழ்ந்த மனிதரின் பேச்சு கோப்பில் செருகப்பட்டதோடு சரி என்பது உறுத்தவும் செய்தது. அந்த உறுத்தலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

2014-ல் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், வீடியோ கடை மூடிப்போய்ப் பாதி காலியாகக் கிடந்த ஒரு கடை வளாகத்தை இடித்துவிட்டு, 96 வீடுகளோடு நான்கு மாடிக் குடியிருப்பு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. எதிர்த்து ஒரு மனு சுற்றியது. பொங்கல் விழாவில், கரும்பு கட்டியிருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே அந்தத் தாளும் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். நகரசபைக் கூட்டத்துக்கும் போனேன். மூன்று நிமிஷம் பேசினேன். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே இடமில்லை, காலையில் பிள்ளையை இறக்கிவிடவே இருபது நிமிஷம் ஆகிறது என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான்.

நம்மவர்களுக்கு இது புரியும். இங்கே நாம் வீடு வாங்குவது பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கிய பள்ளியின் எல்லைக்குள் வீடு வேண்டும் என்று, சம்பளத்தில் பாதிக்கும் மேல் தவணைக்குக் கொடுத்து உள்ளே வந்தவர்கள் நாம். அந்த எல்லைக்குள் இன்னும் 96 குடும்பம் வரும் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

கூட்டம் ராத்திரி பதினொன்றரை வரை நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர்கள். அந்த 96 வீடுகளில் குடிவரப் போகிறவர் ஒருவர்கூட அங்கே இல்லை. எப்படி இருக்க முடியும்? தாங்கள் அங்கே குடிவரப் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாதே. எங்கேயோ ஒரு ஊரில் இரண்டாவது வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். எங்கள் நகரசபை உறுப்பினர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். வெளியே இருப்பவருக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது. 96 என்பது 60 ஆகக் குறைந்தது. அப்புறம் நிறுவனம் கட்டுப்படியாகவில்லை என்று போய்விட்டது. நாங்கள் ஜெயித்தோம் என்று மின்னஞ்சல் வந்தது.

இப்படி ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக நியாயமான காரணம் சொன்னதன் கூட்டுத்தொகைதான் இன்றைய கலிஃபோர்னியா. நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் உள்ள மாநிலத்தில் ஆசிரியருக்கு வீடு இல்லை. பக்கத்து ஊர் கட்டட்டும் என்று எல்லா ஊரும் சொன்னால், பக்கத்து ஊர் என்று ஒன்று கடைசியில் மிஞ்சாது. மாநிலத்துக்கு மட்டும்தான் அந்தக் கூட்டுத்தொகை தெரியும். வெளியே இருப்பவரும் மாநிலத்துக்குள்தான் எங்கேயோ இருக்கிறார், அவருக்கு அங்கே ஓட்டு இருக்கிறது. மேல்மட்டம் தலையிட வேண்டும் என்று நான் இப்போது சொல்வது இதனால்தான்.

பணக் கணக்கும் உண்டு. 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆம் பிரேரணை, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு நிறுத்தி, வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் மதிப்பைக் கூட்டக் கூடாது என்றும் கட்டிப்போட்டது. அதனால் வீடு வந்தால் நகரத்துக்குச் செலவு, கடையும் அலுவலகமும் வந்தால் வரவு. குப்பர்டினோவில் 12,000 பேர் வேலை செய்யும் ஆப்பிளின் வட்டக் கட்டடம் 2017-ல் திறந்தது. அதற்குப் பக்கத்திலேயே, 1976-ல் கட்டிய வால்கோ மால் ஆளரவமற்றுக் கிடந்தது. அங்கே வீடு கட்டலாமா என்பது தேர்தல் வாக்குச்சீட்டு வரை போய், 2016-ல் ஆதரித்த பிரேரணை, எதிர்த்த பிரேரணை இரண்டுமே தோற்றன.

அடுத்த வருஷம் எஸ்.பி. 35 என்ற மாநிலச் சட்டம் வந்தது. எஸ்.பி. என்றால் செனட் மசோதா. சான் ஃபிரான்சிஸ்கோ செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்தது. ஒவ்வொரு நகரமும் எட்டு வருஷத்தில் இத்தனை வீட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலம் இலக்கு கொடுக்கும். நகரங்கள் வீடுகளுக்குத் திட்டம் போட வேண்டும் என்ற விதி 1969-லிருந்தே உண்டு, அது வெகுகாலம் காகிதத்திலேயே கிடந்தது. அனுமதி கொடுத்த கணக்கில் இலக்கை எட்டாத நகரத்தில், சட்டத்தின் அளவுகளுக்குப் பொருந்தி, குறைந்த வருமானக்காரருக்குக் கணிசமான பங்கு ஒதுக்கி வரும் திட்டத்துக்கு விசாரணை இல்லாமல் அனுமதி தர வேண்டும் என்றது புதுச் சட்டம். 2018 மார்ச்சில் வால்கோவின் உரிமையாளர் அதைப் பிடித்துக்கொண்டார். 2,402 வீடுகள், அதில் பாதி குறைந்த வாடகைக்கு. செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. உள்ளூர்க் குழு ஒன்று வழக்குப் போட, 2020-ல் அதுவும் தள்ளுபடியானது. குப்பர்டினோவில் என் சிநேகிதி ஒருத்தி அந்த வழக்குக் காலத்தில் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே இன்று வரை ஒப்பந்தம்.

உட்சைடு ஊரைச் சொல்லாமல் போக முடியாது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் மேற்கே, மலையடிவாரத்தில், பெரும் பணக்காரர்கள் குதிரை வளர்க்கும் ஊர். ஒற்றை வீட்டு மனையைப் பிரிக்கவும் இரண்டிரண்டு வீடு கட்டவும் அனுமதிக்கும் எஸ்.பி. 9, 2022 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே, ஊர் முழுவதும் மலைச்சிங்கத்தின் (பூமா என்னும் காட்டுப்பூனை இனம்) வாழிடம், ஆகவே இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று உட்சைடு அறிவித்தது. அங்கே மலைச்சிங்கம் உலவுவது உண்மை. ஆனால் பெரிய பங்களா கட்டும்போது அதற்கு வராத ஆபத்து சின்ன வீட்டால் வந்துவிடுமா? மாநில அட்டர்னி ஜெனரல் ராப் பாண்டா கடிதம் எழுதினார். சில நாளில் ஊர் பின்வாங்கியது. ஓர் உயிரை, அதுவும் உண்மையிலேயே காக்கப்பட வேண்டிய உயிரை, மனிதர்களை வெளியே நிறுத்தும் வேலியாக்கியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சான்டா மோனிகாவில் வேறு விதமாக நடந்தது. இலக்குக்கான திட்டத்தை மாநிலம் ஏற்கும்படி நேரத்துக்குக் கொடுக்காத நகரம், குறைந்த வருமானக்காரருக்குப் பங்கு ஒதுக்கும் குடியிருப்பை சோனிங்கைக் காட்டி மறுக்க முடியாது என்று 1990-லிருந்து ஒரு பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது. 2022-ல் அது விழித்தபோது 4,000 வீடுகளுக்கு மேல் விண்ணப்பங்கள் அந்த ஒரு கடற்கரை நகரத்தில் குவிந்தன. நகரங்களும் சும்மா இருக்கவில்லை. 2024-ல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி ஒருவர், சொந்த சாசனம் உள்ள ஐந்து நகரங்களுக்கு எஸ்.பி. 9 பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். இழுபறி நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2025 அக்டோபரில் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் உயரமான குடியிருப்புகளை அனுமதிக்கும் எஸ்.பி. 79-லும் கையெழுத்தாகிவிட்டது.

அம்மாவின் வீடு 2023 சித்திரையில் முடிந்தது. அந்த அடுப்பில் பால் காய்ச்சினோம். கண்ணாடித் தட்டு மின்சார அடுப்பு. புதுக் கட்டடத்தில் கேஸ் இணைப்பு கூடாது என்பது அப்போது எங்கள் ஊர் விதி. பால் பொங்குமா என்று அம்மாவுக்குச் சந்தேகம். பொங்கியது, கண்ணாடியெல்லாம் வழிந்தது. அவள் கையாலேயே துடைத்தாள். தோசைக்கல் சரியாகச் சூடேறவில்லை என்ற குறை மட்டும் இன்னும் தீரவில்லை.

அதே ஏப்ரலில்தான் அந்த விதிக்கும் அடி விழுந்தது. புதுக் கட்டடங்களுக்கு கேஸ் வேண்டாம் என்று 2019-ல் நாட்டிலேயே முதலில் சொன்ன நகரம் பெர்க்லி. உணவகக்காரர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1975-ன் மத்திய எரிசக்திச் சட்டத்தை நகரம் மீற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே நான் பெர்க்லி பக்கம். காட்டுத்தீப் புகையில் வானம் ஆரஞ்சு நிறமான 2020 செப்டம்பரைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு நகரம் தன் புது வீடுகளில் எரிவாயு வேண்டாம் என்று முடிவெடுத்தால் யாரை வெளியே தள்ளுகிறது? யாரையும் இல்லை. அதே 2023-ல் டெக்ஸாஸ் மாநிலம் போட்ட சட்டம் இன்னும் மோசம். ஆஸ்டினும் டாலஸும் கட்டடத் தொழிலாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஓய்வு என்று வைத்திருந்த விதிகளையும் செல்லாததாக்கப் பார்க்கும் சட்டம் அது. நம் ஊர் சித்திரை வெயிலில் சாரத்தின் மேல் நிற்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்கிற பத்து நிமிஷம்.

ஆகவே மாநிலம் வந்து நகரத்தை அடக்கினால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுப் பார்க்கிறேன். அந்த உள்ளூர் விதி யாரைக் காக்கிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது? அந்தக் கூட்டத்தில் பேச வர முடியாதவருக்கு அதனால் என்ன ஆகிறது? எங்கள் ஊரின் பத்து அடி விதி பின்வீட்டுப் பெரியவரின் மாலை வெயிலைக் காத்தது. அதுவும் ஒரு பொருள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வீடு எழும்பியபிறகு கார்த்திகை, மார்கழியில் அவர் பிளம் மரத்தடியில் அரை மணி முன்னாலேயே நிழல் விழுகிறது. நான் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அரை மணியையும் அம்மாவின் அடுப்பையும் எந்தத் தராசில் வைப்பது என்று ஒரு நகரசபை நிதானமாக யோசித்திருந்தால் ஒருவேளை ஏழு அடி என்று வந்திருக்கும். ஆனால் 1982-லிருந்து 2016 வரை யோசிக்க அவகாசம் இருந்ததே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 749 சதுர அடிக்கு எங்களுக்கு மூன்று லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கீழே செலவானது. வீட்டின் பேரில் கடன் வாங்கினோம். அதாவது ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்தான் இரண்டாவது அடுப்பு வைக்க முடியும். சட்டம் தடையை எடுத்தது, பணத்தை அது தரவில்லை. வால்கோவுக்கும் அதே கதை. 2018-ல் அனுமதி வாங்கி, மாலை இடித்து, திட்டத்தையும் மாற்றி மாற்றி வரைந்து, 2024 வரைக்கும் அங்கே ஒரு குடும்பம்கூடக் குடிவரவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து வாரம் மூன்று நாள் காலையில் ஒரு பெண்மணி உதவிக்கு வருகிறார். பிலிப்பினோக்காரர், ஐம்பது வயசிருக்கும். மன்டீகாவிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறார். அல்டமான்ட் கணவாயில் நெரிசல் தொடங்குவதற்கு முன்னால் தாண்ட வேண்டும் என்று நாலரை மணிக்குக் கிளம்பி, ஆறு மணிக்குள் எங்கள் தெருவுக்கு வந்து, எட்டு மணி வரை காரிலேயே தூங்குவார். அது தெரிந்தபிறகு அம்மா விடவில்லை. ஆறு மணிக்கே கதவைத் திறந்து வைத்துவிடுவாள். இருவருக்கும் பொது மொழி ஐம்பது சொல் இருக்கும். அதற்குள் சாதம் வடிப்பதிலிருந்து மருமகள்கள் வரைக்கும் பேசிவிடுகிறார்கள். அம்மாவின் டிகாக்‌ஷன் காப்பிக்கு அவர் பழகிவிட்டார்.

பழைய வீடியோ கடை இடத்துக்கு 2023-ல் வேறொரு நிறுவனம் விண்ணப்பித்தது. இந்த முறை 130 வீடுகள், ஐந்து மாடி, மாநிலச் சட்டத்தின் கீழ். பொது விசாரணை நடக்கவில்லை. நடந்திருந்தால் ஆதரித்துப் பேச மூன்று நிமிஷம் எழுதி வைத்திருந்தேன். அனுமதி வந்துவிட்டது. வட்டி ஏறியதாலோ மரம், இரும்பு விலையாலோ வேலை இன்னும் தொடங்கவில்லை. சுற்றிலும் கம்பி வேலி, அதில் ஒரு பலகை, வாடகைப் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு எண்.

சென்ற மாதம் அம்மாவை நடக்கக் கூட்டிக்கொண்டு மூவரும் அந்தப் பக்கம் போனோம். அம்மாவுக்கு உதவ வரும் அந்தப் பெண்மணி பலகை முன்னால் நின்று, அந்த எண்ணை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார். எப்போது முடியும் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"ஹேவர்டில் எங்கள் வாடகையை ஏற்றியபோது இந்த ஊர்ப் பக்கமெல்லாம் தேடினோம்," என்றார். "எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் மன்டீகா போனோம். சின்னவன் அப்போது ஒன்றாம் வகுப்பு. 2015."

மனுவைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.